நூற்றெட்டுப் பொட்டலம்

கும்மி அரங்கேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது வாத்தியார் வாட்ஸப் குழுவில் பேசி ஒரு செய்தி போட்டார். ஆடப்போகும் நூற்றெட்டுப் பேரும் அவரவர் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பொட்டலம் திருநீறு கொண்டுவர வேண்டும். உறையின் மேல் பேர், சாமி, ஊர் மூன்றையும் எழுத வேண்டும். எல்லாத் திருநீற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து நெற்றியில் பூசிக்கொண்டு களத்தில் இறங்க வேண்டும். உறையில் இருக்கும் சாமிகளின் பேரையெல்லாம் மைக்கில் படித்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். "எல்லாச் சாமியும் ஒண்ணாக் கூடி நின்னு நம்மளக் காப்பாத்தோணுமுங்க" என்று முடித்திருந்தார். ஆளாளுக்குக் கும்பிடும் கையைப் பதிலாகப் போட்டார்கள். பொற்கொடியும் போட்டாள். பாவி மகள், அங்கேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணபதியில் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. அவள் புருஷன் சுரேந்தர் அதே சந்தில் லேத் ஓட்டுகிறான். அவன் தோட்டமும் துரவுமாக இருந்த வீட்டுப் பிள்ளை. அவளோ உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளில் காய் உரித்துப் பிழைத்தவரின் மகள். பதினாறு வருஷத்துக்கு முன் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே அவன் வீட்டில் அவனைத் தலைமுழுகிவிட்டார்கள். கணபதியில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. சுரேந்தரின் ஊர்ப்பேரைச் சொன்னதும் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அவளைத் தனியாக யாரும் கேட்டதில்லை.

மாடி வீட்டுச் சண்முகப்பிரியாதான் அவளையும் மகள் ஷ்ரவ்யாவையும் கும்மி வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் தினமும் சாயங்காலம் ஏழு முதல் ஒன்பது வரை, அறுபது நாள் வகுப்பு. "ஒடம்பு எளைக்கும் வாங்கக்கா" என்றுதான் கூப்பிட்டாள். பொற்கொடிக்கு உடம்பா இளைத்தது? ஆட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று நாளெல்லாம் மனசுக்குள் எண்ணுகிறவளுக்கு அடியும் தப்பாது, கைத்தட்டும் தப்பாது. இருபதாம் நாள் வாத்தியார் அவளை முன்வரிசை நடுவில் நிறுத்தினார். கும்மியில் இணை இணையாக நின்று எதிர்க்கையில் தட்டி ஆட வேண்டும். அவளுக்கு இணையாக ஷ்ரவ்யாவையே நிறுத்தினார்.

ஷ்ரவ்யாவுக்குப் பதினாலு வயது, கால் ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் போகும். மூன்றாம் சுற்றில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் அவள் மட்டும் இடப்பக்கம் திரும்பி எதிரே வருகிறவர்மேல் முட்டுவாள். மகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்த் துணி காயும் கொடிக்குக் கீழே நிறுத்தி, சோறு ஆறுவதைக்கூடப் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தாள் பொற்கொடி. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்றாம் சுற்று வரும்போது அம்மா கண்ணை ஒரு தடவை சிமிட்டுவாள், மகள் வலப்பக்கம் திரும்புவாள். அறுபது நாளில் ஷ்ரவ்யா வகுப்பே வாய்பிளக்கும்படி ஆடினாள்.

பொற்கொடி பிறந்த ஊரில் வருஷா வருஷம் நோம்பிக்குக் கோயில் வாசலில் கும்மி நடக்கும். அவள் சனம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். சின்ன வயதில் அவள் அங்கேயே கையைத் தட்டி ஆடியதற்கு அவளுடைய அப்பனைத் தோட்டத்துக்காரர் கூப்பிட்டு, "புள்ளைய அடக்கி வெய்யப்பா" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். அப்பன் வீட்டுக்கு வந்து தன்மையாகவா சொன்னார்? விளக்குமாறு பிய்ந்து போனது. அப்படிப்பட்டவள் இப்போது ஆயிரம் பேர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில், முன்வரிசை நடுவில், பெற்ற மகள் கையில் கை தட்டி ஆடப்போகிறாள். பட்டறையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். தூக்கத்தில்கூட அவளுக்குக் கால் அசைந்தது.

திருநீற்றுச் செய்தி வந்ததும் சுரேந்தர் சுருக்கமாக ஒரு யோசனை சொன்னான்.

"கடையில ஒரு பாக்கெட் வாங்கி எங்க கோயில் பேர எழுதிக் குடுத்துரு. யாரு போயிப் பாக்கப் போறா?"

"உங்க கோயில் வாசப்படிய நா மிதிச்சதே இல்லீங்க. மிதிக்க உட்டதும் இல்ல. அந்தச் சாமி பேர நா எப்படிங்க எழுதறது?"

"எழுதுனா கையி ஒடஞ்சா போயிரும்?"

"சாமி காரியத்துல பொய் வேண்டாமுங்க. எனக்குன்னு ஒரு சாமி இருக்குது. பதினாறு வருசமா அதுக்கு ஒரு சூடம் பொருத்துனதில்ல. அதையே போயிக் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

அப்போதாவது அந்த மனுஷன் வாயைத் திறந்து, அடி பைத்தியக்காரி, இது இன்ன இடம், அங்கே இன்னது நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியாததா? தெரிந்துதான் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஷ்ரவ்யா மட்டும், "அப்பா சொல்ற மாதிரியே செய்யேம்மா" என்று முனகினாள். அவளுடைய உறையில் அப்பன் கடைத் திருநீற்றைப் போட்டுத் தன் கோயில் பேரை எழுதிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய உக்கடத்தில் பஸ் ஏறி, உடுமலையில் இறங்கி, டவுன் பஸ் மாறி ஊஞ்சக்காட்டுப்புதூர் போனாள் பொற்கொடி. வாய்க்கால்மேட்டுக் கருப்பராயன் முன்னால் சூடம் பொருத்தி, அழுது, ஒரு கை திருநீறு அள்ளிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பினாள். உறையின் மேல் தன் பேரையும், சாமி பேரையும், ஊர்ப் பேரையும் முத்து முத்தாக எழுதினாள். எழுதிவிட்டு அதை ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அரங்கேற்றத்தன்று சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த இடம் அடையாளமே தெரியவில்லை. வாழைமரம், சீரியல் விளக்கு, பெரிய திரை, மேலே பறந்து படம் பிடிக்க ஒரு கேமரா. பெண்கள் எல்லாருக்கும் ஒரே பச்சைச் சேலை, அரக்குக் கரை. ஆறரை மணிக்குத் தாம்பாளம் வந்தது. ஒவ்வொருவராகப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார்கள். வாத்தியார் இரண்டு கையாலும் கலந்து, தான் முதலில் பூசி, மேளத்துக்குப் பூசி, பிறகு நூற்றெட்டு நெற்றிக்கும் பட்டை போட்டார். சண்முகப்பிரியா பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒடம்பே சிலிர்க்குதுங்கக்கா" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து நான்கு படம் எடுத்துக்கொண்டார்கள்.

காலி உறைகள் மைக் பிடிக்கிற தம்பிதுரையிடம் போயின. வேறொரு பம்ப் பட்டறை வைத்திருக்கும் பெரிய மனிதர், விழாக் குழுத் தலைவரும் அவர்தான். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிக்கும்போது தடுமாறக் கூடாதென்று ஒவ்வோர் உறையாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்து முத்தான எழுத்தில் இருந்த உறை வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவருக்குப் பூர்வீகத் தோட்டம் ஊஞ்சக்காட்டுப்புதூருக்கு அடுத்த ஊர்.

"ஏனுங்க அம்மணி, சித்தெ இக்கட்டால வாங்க" என்று பொற்கொடியைக் கூப்பிட்டார். "இந்தக் கருப்பராயன் கோயிலு வாய்க்காலுக்கு இந்தப்பக்கமுங்களா, அந்தப்பக்கமுங்களா?"

"அந்தப்பக்கமுங்க" என்றாள் பொற்கொடி. ஊர்க்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "புளியமரத்துக்குக் கீழ இருக்குதுங்களே, அதேதானுங்க. நீங்களும் அந்தப் பக்கமுங்களா?"

"ஆமாங்க. அப்படீங்களா, சரீங்க, சரீங்க. ரொம்பச் சந்தோசமுங்க."

சாதி கேட்பதற்கு இந்தச் சீமையில் சாதியைக் கேட்கவே வேண்டியதில்லை. வாய்க்காலைக் கேட்டால் போதும்.

அவள் வரிசைக்குத் திரும்பி வந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதற்குள் காதோடு காதாகப் பேச்சு ஓடியிருந்தது. முதலில் கடைசி வரிசையில் ஒருத்தி வெட் டிஷ்யூ எடுத்து நெற்றியைத் துடைத்தாள். அப்புறம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். பாக்கெட் கைமாறிக் கைமாறி முன்வரிசை வரைக்கும் வந்தது. சண்முகப்பிரியா திரும்பி நின்று நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"ஏம் பிரியா துடைக்கறே?"

"வேர்த்து வழியுதுங்கக்கா. மேக்கப் கலைஞ்சிருமாட்ட இருக்குதுங்க."

மார்கழிக் குளிரில் நூற்றேழு பேருக்கு ஒரே நேரத்தில் வேர்த்தது. கழுவிய தாம்பாளத்தில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து புதுத் திருநீறு வந்தது. சாமிகள் ஒன்றாகக் கூடி நின்றது மொத்தம் இருபது நிமிஷம்.

ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். தம்பிதுரை கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினார். கொங்கு நாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக இருந்தாலும் முதலில் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாதுங்க. நானெல்லாம் அதெல்லாம் பாக்கறவனே கெடையாதுங்க. பெரியவங்க நாலு பேரு வந்திருக்கறாங்க, நாளைக்கு ஒரு வார்த்த கேட்டுப்போட்டா நா என்னங்க சொல்றது?"

பொற்கொடி வாத்தியாரைப் பார்த்தாள். "ஏதாவது அடி தப்பா வெச்சனுங்களா?"

"உங்களாட்ட அடி வெக்கறதுக்கு இந்தச் செட்டுலயே ஆளு இல்லீங்க" என்றார் வாத்தியார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"அதனால என்னங்க, நீங்க போக வேண்டாமுங்க" என்றார் தம்பிதுரை. "பொம்பளைங்க கைப்பையெல்லாம் பாத்துக்கறதுக்கு நம்பிக்கையான ஆளு ஒண்ணு வேணுமுங்க. போன தடவ நாலு போனு காணாமப் போயிருச்சு. நீங்க இருந்தா எங்களுக்கு நிம்மதி. அந்தச் சேலைய மட்டும் மாத்திக்கிட்டீங்கன்னாத் தேவலைங்க."

"எம் புள்ளை?"

"புள்ளை ஆடட்டுமுங்க. சுரேந்தரு தம்பிகிட்டப் பேசிட்டேன். எந்தக் கூட்டம், எந்தத் தோட்டம்னு வெவரமாச் சொன்னாரு. நமக்கு ஒறம்பரை, சொந்தமே ஆகுதுங்க. அப்பன் வழிதானுங்களே புள்ளைக்கு. சண்முகப்பிரியா அவளுக்கு இணையா நின்னுக்குவாங்க."

பொற்கொடி சபையை எட்டிப் பார்த்தாள். சுரேந்தர் மூன்றாம் வரிசையில் அவன் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பதினாறு வருஷமாக எதிரே வந்தால் தெரு மாறிப் போன பெரியப்பா, இன்றைக்கு அவன் தொடையில் கை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுரேந்தர் வாயெல்லாம் பல்லாக இருந்தான். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நேராக முன்வரிசைக்குப் போனாள். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று மகளின் கையைப் பிடித்தாள்.

ஷ்ரவ்யாவின் நெற்றியில் புதுத் திருநீறு இருந்தது. கையை மெல்ல உருவிக்கொண்டாள். "அப்பா சொன்னாங்கல்ல? ஏம்மா அதக் கொண்டாந்தே?"

"தப்புத்தான் சாமி. வா, போலாம்."

"அறுபது நாள் ஆடிருக்கேன். ஸ்கூல்ல இருந்து எல்லாரும் வந்திருக்கறாங்க. நீ போம்மா. நா ஆடிட்டு வாரேன்."

குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. வாய் வரமாட்டேன் என்கிறது.

பொற்கொடி போயிருக்கலாம். மானம் ரோஷம் உள்ள எவளும் போயிருப்பாள். மண்டபத்துக் குளியலறையில் பச்சைச் சேலையை அவிழ்த்துவிட்டு, வரும்போது உடுத்தி வந்த பழைய நைலக்ஸ் சேலையைக் கட்டும்போது போகத்தான் நினைத்தாள். மூன்றாம் சுற்று ஞாபகம் வந்துவிட்டது. கண் சிமிட்ட ஆளில்லாமல் பிள்ளை இடப்பக்கம் திரும்பி, ஆயிரம் பேர் முன்னால் யார் மேலாவது முட்டி விழுந்தால்? களத்து ஓரத்தில் போட்டிருந்த ஜமுக்காளத்தில் கைப்பைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து முன்வரிசை தெரியும், பிள்ளை பார்த்தால் அவள் கண்ணும் தெரியும்.

தம்பிதுரை மைக்கில் சாமி பேர்களைப் படித்தார். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நூற்றேழோடு நின்றது. மேளம் எழுந்தது. வாத்தியார் வள்ளி கதையை எடுத்தார். தினைப்புனம் காக்கிற வேடர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து முருகன் மயங்கி, வேடனாக வந்து, கிழவனாக வந்து, கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் அவளையே கட்டிக்கொண்ட கதை. அந்தக் குறத்தி எந்த ஊர், வாய்க்காலுக்கு எந்தப்பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமி பாட்டுக்குத் தேடிப் போனார், சனம் பாட்டுக்குக் கையைத் தட்டி ஆடியது.

மூன்றாம் சுற்று வந்தது. பொற்கொடி பைகளுக்கு நடுவில் முட்டிபோட்டு நிமிர்ந்தாள். ஷ்ரவ்யா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரே நின்ற சண்முகப்பிரியாவின் கையில் ஓங்கித் தட்டிவிட்டு, சுத்தமாக, அழகாக, வலப்பக்கம் திரும்பினாள். அம்மா கண்ணை இரண்டு தடவை சிமிட்டியது அவளுக்குத் தெரியவே தெரியாது. பொற்கொடிக்கு மனசு நிறைந்தது, அந்த நிறைவிலேயே நெஞ்சு பிளந்தது. தன் பிள்ளை நன்றாக ஆடுகிறதே என்று கை தட்டப் போனவள் மடியில் அடுத்தவள் பை இருந்ததால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் எல்லாரையும் கையை நீட்டச் சொன்னார். ஒவ்வோர் அரங்கேற்றத்திலும் அவர் எடுக்கவைக்கும் சத்தியம் அது, வகுப்பில் யாருக்கும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

"பெத்தவங்க காட்டற எடத்துல, நம்ம சனத்துக்குள்ளதான் கண்ணாலம் கட்டுவேன். வெளியில இருந்து ஆளக் கூட்டியாந்து குடும்பத்தத் தல குனிய வெக்க மாட்டேன். இது என்ற கொலதெய்வத்து மேல சத்தியம்."

நூற்றேழு குரல் திருப்பிச் சொன்னது. ஷ்ரவ்யாவின் உதடு அசைவதைப் பொற்கொடி எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். "சபையில இருக்கறவங்களும் கைய நீட்டலாமுங்க" என்றார் தம்பிதுரை. மூன்றாம் வரிசையில் பெரியப்பா கையை நீட்டினார். அவரைப் பார்த்துவிட்டுச் சுரேந்தரும் நீட்டினான்.

சிறப்பு விருந்தினர் ராமாமணி அம்மாள், மில்காரர் வீட்டுப் பெரியம்மாள். ஷ்ரவ்யாவை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, மைக்கை நீட்டினார். "கண்ணையே எடுக்க முடியல கண்ணு. யாரு கத்துக்குடுத்தாங்க? அம்மா வந்திருக்காங்களா?"

மேடையிலிருந்து ஜமுக்காளம் நன்றாகத் தெரியும். ஷ்ரவ்யா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், பார்த்துவிட்டு மைக்குக்குக் குனிந்தாள்.

"அம்மா வரலீங்க. ஊருக்குப் போயிருக்காங்க. சண்முகப்பிரியா அத்தைதானுங்க கத்துக்குடுத்தாங்க."

சபை கை தட்டியது. சண்முகப்பிரியா எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டாள்.

பிறகு பெண்கள் பை வாங்க வந்தார்கள். "சிரமம் குடுத்துட்டோமுங்க" என்று ஒவ்வொருத்தியும் மறக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய், ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். சண்முகப்பிரியாவும் தள்ளிப் போய்த்தான் பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு நீலப் பை மிஞ்சியது. அதை மடியில் வைத்துக்கொண்டு, மகள் தனியாக வருவாள், வந்ததும் ஒன்றும் கேட்கக் கூடாது, தலையைத் தடவிக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று பொற்கொடி முடிவு செய்திருந்தாள்.

ஷ்ரவ்யா தனியாக வரவில்லை. ராமாமணி அம்மாள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "எங்க மில் விழாவுக்கு நீ வந்து ஆடோணும் கண்ணு. உங்கம்மா ஊர்ல இருந்து வந்ததும் நா பேசறேன், நம்பரக் குடு."

"போனு பையில இருக்குதுங்க."

ஜமுக்காளத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள். ஷ்ரவ்யா அவள் மடியைக் கை காட்டினாள். "ஏனுங்க" என்றாள். "அந்த நீலப் பையச் சித்தெ எடுத்துக் குடுங்க."

"மரியாதையப் பாருங்க புள்ளைக்கு" என்று பூரித்துப் போனார் ராமாமணி அம்மாள். "பை பாக்கறவங்களைக்கூட ஏனுங்கன்னு கூப்பிடுது. வளத்துனவங்களச் சொல்லோணும்."

பொற்கொடி பையிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். எழுந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க அம்மணி" என்றாள். "எல்லாம் இருக்குதான்னு பாத்துக்கங்க."